சாம்பல் நிறப் பழங்கள்

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி வேன் நின்றதும் மற்றவர்கள் தூங்குவதற்காக வீட்டைப் பார்த்து நடந்தார்கள். டில்லிபாபு மட்டும் ரோட்டைத் தாண்டி ஜாஸ்மின் கடைக்குப் போனான்.

இரவெல்லாம் மோல்டிங் மெஷினின் கதவைத் திறந்து, சூடாக வரும் டிவி கேபினெட்டை இழுத்து, ஓரத்துப் பிசிறைக் கத்தியால் அறுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு வந்தவன் அவன். கையில் உருகிய பிளாஸ்டிக் வாடை. எந்த சோப்புக்கும் அது போகாது. கண் எரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கண்ணோடுதான் அவன் தினமும் வீடியோ கேம் ஆட உட்கார்ந்தான்.

பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷம் பாதியில் விட்டவன். ஏன் என்று கேட்டவர்களிடம் ஆளுக்கொரு காரணம் சொன்னான். உண்மையில் அவனுக்கு அது சலித்துப் போயிருந்தது. அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஸ்ரீதருக்குச் சலிக்கவில்லை. ஸ்ரீதர் படிப்பை முடித்து, அதே கம்பெனியில் நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசராக வந்து சேர்ந்தான். முதல் நாள் டில்லிபாபு அவனை "மச்சி" என்று கூப்பிட்டான். ஸ்ரீதர் பக்கத்தில் இருந்த ஃபிட்டரைப் பார்த்தான். மறுநாளிலிருந்து டில்லிபாபு அவனை "சார்" என்று கூப்பிட்டான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த வேலையை விட வேண்டும் என்று இருந்தான்.

ஜாஸ்மின் ஒரு லாரி டிரைவரின் மனைவி. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வாடகைக்குக் கதைப் புத்தகம் விடும் கடை வைத்திருந்தாள். புத்தகம் எடுப்பவர்கள் குறைந்து போகவே, அதே அலமாரியில் வீடியோ கேம் கேசட்டுகளை அடுக்கினாள். ஒரு பெஞ்சு, ஒரு பதினாலு இஞ்ச் டிவி, ஒரு கேம் செட்டு, இரண்டு ஜாய்ஸ்டிக். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஷிஃப்ட் முடிந்து வரும் பையன்கள், லாட்ஜில் தங்கியிருக்கும் வெளியூர் பையன்கள், வேலை தேடி வந்து கிடைக்காமல் சுற்றுகிறவர்கள், இவர்களெல்லாம் வந்து உட்காருவார்கள். ஜாஸ்மினின் தங்கை ஷாரோன் பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள்.

புத்தகக் கடைக் காலத்துப் பழக்கம் ஒன்று அங்கே மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பின் அட்டையிலும் படித்தவர்கள் இரண்டு வரி எழுதி வைப்பார்கள். 'முடிவு சரியில்லை', 'அழுகை தாங்கவில்லை' என்கிற மாதிரி. கேசட்டில் எழுத இடமில்லை. மேலே ஒட்டியிருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருக்காது, எழுத்தோ ஜப்பான்காரனுடையது. எனவே டில்லிபாபு மிக்சர் டப்பா அட்டையைக் கிழித்து எழுதி, கேசட்டுக்கு மேலே இருக்கும் ஆணியில் மாட்டத் தொடங்கினான். யாரும் கேட்கவில்லை. அவனுக்கே எழுத வேண்டும் போல் இருந்தது.

கார் ரேஸ் கேசட்டுக்கு இப்படி எழுதியிருந்தான்:

'ரோடு நேராகப் போகும். வளையும் என்று காத்திருக்காதீர்கள். முதல் ஸ்டேஜில் பனைமரம், கடைசி ஸ்டேஜிலும் அதே பனைமரம். எல்லாக் காரும் ஒரே கார். யாரை முந்தினோம், யார் நம்மை முந்தினான் என்று தெரியாது. பெட்ரோல் தீர்ந்தால் நிம்மதியாக இருக்கிறது. சுமார்.'

குங்ஃபூ சண்டைக்கு:

'கால் தூக்குகிறவன் ஜெயிப்பான். கைக்கு ஒரு பட்டனை ஏன் வீணாக்கினார்கள் என்று புரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை, ஒரே பேன்ட். கட்டிப் புரளும்போது நம்ம ஆள் எவன் என்று தேட வேண்டியிருக்கிறது. அடி வாங்கியவன்தான் நாம் என்று தெரிந்துகொள்ளலாம். சுமார்.'

வாள் எடுத்துக்கொண்டு குகைக்குள் போகும் ஆட்டத்துக்கு:

'கதவு, கதவுக்குப் பின்னால் கதவு. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஒரு வௌவால். இளவரசி இருப்பதாகப் படத்தில் போட்டிருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன், கதவுதான் இருக்கிறது. சுமார்.'

சுமார் என்பதுதான் அவன் கொடுக்கும் மோசமான மார்க். படு மோசமான கேமைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும், விட்டுவிடுவான். சுமாரான கேமைப் பார்த்தால்தான் ஆத்திரம் வரும். ஒருத்தன் உட்கார்ந்து பாதி தூரம் யோசித்திருக்கிறான், அப்புறம் போதும் என்று எழுந்து போயிருக்கிறான். அந்தப் பாதியைக் கண்டுபிடித்துச் சொல்வதில் அவனுக்கு ஒரு கசப்பான ருசி இருந்தது.

பையன்கள் அட்டையைப் படித்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தார்கள். "இதுக்கு டில்லி இன்னா போட்டுகிறான்?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் தண்டலத்திலிருந்தும்கூட ஆள் வந்தார்கள், ஆடுவதற்குப் பாதி, அட்டை படிப்பதற்குப் பாதி.

ஆனி மாதக் கடைசியில் ரத்தினம் வந்தார். பாரிமுனையில் ஒரு சந்துக்குள் கேசட் மொத்த வியாபாரம் செய்பவர். ஜாஸ்மின் அவரிடம்தான் சரக்கு எடுப்பாள். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் இறங்கினார். அன்றைக்குக் கரண்ட் இல்லை. டிவி இருட்டாகக் கிடந்தது. ஜாஸ்மின் கலர் வாங்கிக் கொடுக்க, அவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது போகாமல் ஆணிகளில் தொங்கிய அட்டைகளைப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது அட்டையில் சிரித்துவிட்டார்.

"இந்தக் கதவு சமாச்சாரம் யாரும்மா எழுதுனது?"

"தோ நிக்கிறானே, டில்லி. கம்பெனில வேலை."

ரத்தினம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அந்த வௌவால் கேசட்ட நான் எரநூறு எடுத்து இன்னும் வெச்சிக்கினு கீறேன்பா. வாங்கறதுக்கு முன்ன நீ எங்கப்பா போன?"

"நைட் ஷிஃப்ட் போயிருப்பேன் சார்."

அவர் மறுபடி சிரித்தார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஆறு கேசட்டுகள். புதுசாக வந்திருக்கும் மாதிரிகள். இதில் ஒன்றைத்தான் இந்தத் தீபாவளிக்கு மொத்தமாக எடுக்கப் போகிறார்.

"எது ஓடும்னு நீ சொல்லு. எனக்கு ஆடத் தெரியாது, கடையில கீற பசங்களுக்கு எல்லாமே சூப்பரு. நீ சொன்னது சரியா வந்துச்சுனா பாரிமுனைக்கு வந்துரு. சரக்கு பாக்கற வேலை. காலைல வந்தா சாயங்காலம் வூட்டுக்குப் போலாம்."

சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். அவர் போனபிறகும் அந்த வார்த்தை டில்லிபாபுவின் காதில் இருந்தது. அவனும் ராத்திரி தூங்குகிற மனிதனாக ஆகலாம். எவனையும் சார் போட வேண்டியதில்லை. ரத்தினத்தைப் போடலாம், அவர் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் இல்லை.

ஆறையும் அவன் காலை நேரத்தில் ஆடித் தள்ளினான். ஃபுட்பால் கேசட் ஒன்று. 'இரண்டு டீமும் ஒரே டீம். பந்தை யாருக்குப் போட்டாலும் அவன் எதிரி. ரெஃபரி இல்லை, இருந்திருந்தால் அவனையும் உதைத்திருப்பேன். சுமார்.' தவளை தாவுகிற ஆட்டம் ஒன்று. 'தாவலாம். தாவிய பிறகு இன்னொரு தாவல் இருக்கிறது. சுமார்.' டாங்கி ஆட்டமும் துப்பாக்கிக்காரன் ஆட்டமும் அதே கதி.

ஐந்தாவது ஒரு பிளேன் ஆட்டம். ராத்திரி வானம், கீழே நாம், மேலே எதிரி. வானம் கன்னங்கரேல் என்று இருந்தது, குண்டு பளிச்சென்று வெள்ளையாக வந்தது. நட்சத்திரம் சின்னப் புள்ளி; எது குண்டு, எது நட்சத்திரம் என்று ஒரு குழப்பமும் இல்லை. முதல்முறையாக அவன் முதுகு நிமிர்ந்து ஆடினான். 'செய்தவன் நேர்மையானவன். நாம் செத்தால் நம் தப்பால்தான் செத்தோம் என்று தெரிகிறது. ஆறில் இதுதான் எடுக்க வேண்டியது' என்று எழுதினான்.

ஆறாவது பழ ஆட்டம். மேலேயிருந்து பழங்கள் ஒவ்வொன்றாக விழும். உருண்டையான பழம், எல்லாம் ஒரே அளவு. அடியில் ஒரு கூடை. பழங்களைத் தள்ளித் தள்ளி அடுக்க வேண்டும். சில சமயம் மூன்று பழம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் டிங் என்று மறைந்து போகும். சில சமயம் பத்து சேர்ந்தாலும் அப்படியே கிடக்கும். கூடை நிறைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. டில்லிபாபு நான்கு முறை ஆடி நான்கு முறையும் சீக்கிரமே செத்தான். ஐந்தாவது முறை கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினான். அதே மார்க்தான் வந்தது. ஜாய்ஸ்டிக்கைப் பெஞ்சில் போட்டான்.

"இது கேமே இல்ல. சூதாட்டம்."

"குடுண்ணா, நான் ஒருவாட்டி ஆடறேன்" என்று ஷாரோன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள்.

அவள் மெதுவாக ஆடினாள். ஒவ்வொரு பழம் விழும்போதும் டிவிக்குள் தலையை விடுவது போலக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். மூன்று பழம் மறைந்தது. மறுபடி மூன்று. கூடை நிறையவே இல்லை. இரண்டாவது ஸ்டேஜ் வந்தது, மூன்றாவது வந்தது.

"பாருண்ணா, போவுது."

"உனுக்கு இன்னிக்கு நல்ல நேரம்."

"நேரம் இல்லண்ணா. எல்லாம் ஒரே பழம் இல்ல இது. ஒண்ணு கொஞ்சம் வெளுப்பா கீது. ஒண்ணு கொஞ்சம் கருப்பா கீது. ஒண்ணு ரெண்டுக்கும் நடுவுல. வெளுப்புக்கு வெளுப்பு சேக்கணும் போல."

"டிவி பழசு. ஒரு பக்கம் வெளுக்கும், ஒரு பக்கம் கறுக்கும். உங்க அக்காவ புதுசு வாங்கச் சொல்லு."

"இல்லண்ணா, விழும்போதே தெரியுது. நல்லா கண்ண வெச்சிப் பாரு."

"ராத்திரி பூரா கண்ண முழிச்சிட்டு வந்து ஒருத்தன் பழத்த உத்து உத்துப் பாக்கணுமா? அப்பிடிப் பாத்துதான் ஆடணும்னா அது செஞ்சவன் தப்பு. ஆடறவன் தப்பு இல்ல."

"நான் பாக்கறேனே."

"நீ பகல் பூரா இங்க ஒக்காந்துகினு இன்னா செய்யற? கல்லாவ எண்ணற. நீ பாப்ப."

அவள் முகம் சுருங்கியது. ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு எழுந்தாள். "எழுதுண்ணா. நீ எழுதறதுதான் சட்டம்" என்றாள்.

அவன் எழுதினான். 'திறமைக்கு இங்கே வேலை இல்லை. ஜெயித்தால் ஏன் ஜெயித்தோம் என்று தெரியாது, தோற்றால் ஏன் தோற்றோம் என்றும் தெரியாது. லாட்டரிச் சீட்டு வாங்கினால் பரிசாவது விழும். ஆறில் இதுதான் கடைசி.'

ஆனாலும் உள்ளே கொஞ்சம் உறுத்தியதால் ஒரு வாரம் அந்தக் கேசட்டைப் பையன்களிடம் ஆட விட்டான். எல்லோரும் திட்டினார்கள். மெஷின் ஷாப் பையன் ஒருத்தன் டிவியின் தலையில் தட்டினான். "இன்னாடா இது, வேணும்னா மறையுது, வேணாம்னா மறைய மாட்டுது?" ஊரே தன் பக்கம் என்று டில்லிபாபுவுக்கு நிம்மதி வந்தது. ஆள் இல்லாத மத்தியானங்களில் ஷாரோன் மட்டும் அதை ஆடிக்கொண்டிருந்தாள், நாலாவது ஸ்டேஜைத்தான் தாண்ட முடியவில்லை.

ஜாஸ்மின் சரக்கு எடுக்கப் போனபோது ஆறு அட்டைகளையும் காட்டிவிட்டு வந்தாள். சந்தோஷமாகத் திரும்பி, அட்டைகளை ஆணியில் மாட்டினாள்.

"டில்லி, படிச்சிட்டு அப்பிடிச் சிரிச்சாருடா. பிளேனையே எடுத்துக்கறேன்னாரு. பழம் வேணான்னு பக்கத்துக் கடக்காரனுக்கு வுட்டுட்டாராம். ஆவணி மொதத் திங்கக்கிழமை உன்ன வந்து சேரச் சொன்னாரு. ஆறு கேசட்டும் எடுத்தாரச் சொன்னாரு."

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, விடிந்து ஷிஃப்ட் முடியும் நேரம். ஸ்ரீதர் அடுக்கியிருந்த கேபினெட்டில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். இருபது இஞ்ச், கலர் டிவிக்கானது.

"டில்லி, இந்த ஓரம் பாரு. பிசிறு அப்பிடியே கீது."

"நீங்களே அறுத்துக்கோங்க சார்."

லைனில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஸ்ரீதர் அவனைப் பார்த்தான். "இன்னா சொன்ன?"

"அறுத்துக்கோங்கன்னேன். பாலிடெக்னிக்ல சொல்லிக் குடுத்திருப்பாங்களே. நான்தான் பாதில வந்துட்டேன்." டில்லிபாபு கத்தியை மேஜைமேல் வைத்தான். "திங்கக்கிழமைலேர்ந்து நான் பகல்ல வேலை செய்யறவன். நைட்டுக்கு வேற எவனாவது இளிச்சவாயன் இருந்தா பாத்துக்கோ ஸ்ரீதரு."

யாரோ விசிலடித்தார்கள். வேனில் வரும்போது எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். இரண்டு நாளும் அவன் நன்றாகத் தூங்கினான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸை ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் போலீஸ் நிறுத்தியது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு அந்த ரோட்டில் பையைத் திறக்காமல் யாரும் போக முடிவதில்லை. கான்ஸ்டபிள் அவன் மடியிலிருந்த பொட்டலத்தைத் தொட்டார்.

"இன்னா இது?"

"வீடியோ கேம் கேசட்டு சார்."

"கேசட்டுன்ற, டேப்பக் காணோம்?"

"டேப்பு இருக்காது சார். உள்ள சிப்பு."

"சிப்பா? பேட்டரி, ஒயரு எதுனா கீதா?"

"இல்ல சார். டிவில சொருகினா ஆடலாம்."

"யாரு ஆடறது?"

"நான்தான்."

கான்ஸ்டபிள் அவன் மீசையைப் பார்த்தார். பழப் படம் போட்ட கேசட்டை எடுத்துப் பார்த்தார். "இத வெச்சிகினு எங்க போற?"

"வேலைக்கு சார்."

பஸ்ஸே சிரித்தது. டில்லிபாபுவும் சிரித்தான். அவனுக்கு அன்றைக்கு எதிலும் கோபம் வருவதாக இல்லை.

சந்துக்குள் திரும்பியதும் கூட்டம் தெரிந்தது. கூட்டம் ரத்தினத்தின் கடை முன்னால் இல்லை, அதற்கு அடுத்த கடையில். வாசலிலேயே ஒரு பெரிய டிவியை வைத்திருந்தார்கள். காலேஜ் பையன்கள், ஒரு அப்பாவும் மகளும், மூட்டை தூக்குகிறவர் ஒருவர், எல்லோரும் தலைக்கு மேல் தலையாக நின்றார்கள். டிங் டிங் என்று கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

எம்பிப் பார்த்தான்.

சிவப்புப் பழம் விழுந்தது. அடுத்தது மஞ்சள். அப்புறம் பச்சை, நீலம், மறுபடி சிவப்பு. ஜாய்ஸ்டிக் பிடித்திருந்த சின்னப் பெண் சிவப்பைத் தள்ளிச் சிவப்போடு சேர்த்தாள், மூன்றும் மறைந்தன. "மஞ்ச வருது, மஞ்ச வருது, அந்தப் பக்கம் தள்ளு" என்று அவள் அப்பா கத்தினார். பார்த்த நொடியில் யாருக்கும் புரிகிற ஆட்டம். ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

டில்லிபாபுவுக்கு இப்போது தெரிந்தது பழத்தின் கலர் மட்டும் இல்லை. ஃபுட்பாலின் இரண்டு டீமும் வேறு வேறு கலரில் பனியன் போட்டிருக்கும். குங்ஃபூக்காரர்களில் ஒருவன் பேன்ட் சிவப்பு, இன்னொருவனுடையது நீலமாக இருக்கலாம். கார்கள். கதவுகள்கூட, எந்தக் கதவில் போக வேண்டும் என்று கலரிலேயே சொல்லியிருப்பார்கள். ஆணியில் தொங்கும் அட்டைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் அவன் கண்டுபிடித்த அந்தப் பாதி, ஜாஸ்மின் டிவியில் வராத பாதி. அவன் பிசிறு அறுத்த கேபினெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஊரெல்லாம் போயிருக்கும் பாதி.

ரத்தினம் கடைக்குள் அட்டைப் பெட்டிகள் கூரைவரை நின்றன. எல்லாம் பிளேன். அவர் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பாத்தியா பக்கத்துல?"

"பாத்தேன் சார்."

"நீ சொன்ன பிளேனையும் பாரு." அவர் தன் டிவியைப் போட்டார். கலர் டிவி. வானம் கறுப்பு, குண்டு வெள்ளை, நட்சத்திரம் வெள்ளை. வேறொன்றும் இல்லை. "துட்டு குடுத்து கலர் டிவி வாங்கினவன் இத எதுக்குப்பா வாங்குவான்? இதுல கலரே இல்லயே. டிவி ரிப்பேரான்னு கேக்கறான்."

"எங்க கடையில கறுப்பு வெள்ளை டிவிதான் சார்."

ரத்தினம் டிவியை அணைத்தார். "அன்னிக்கு கரண்ட் இல்ல. நான் பாக்கல."

"அந்த டிவில அது ஆட முடியாத கேம்தான் சார். எங்க ஊர்ல நூறு பேர் ஆடினான். நூறு பேரும் இதத்தான் சொன்னான். நான் எழுதுனது பொய் இல்ல."

"பொய்னு நான் சொல்லல தம்பி. 'நான் பாத்தது கறுப்பு வெள்ளை டிவியில'ன்னு ஒரு வரி போட்டிருந்தா, நான் இங்க ஒருவாட்டி போட்டுப் பாத்திருப்பேன். கதவு, வௌவாலு, லாட்டரினு அவ்ளோ எழுதுன. அந்த ஒரு வரிய எழுதல."

டில்லிபாபுவிடம் அதற்குப் பதில் இருந்தது. அவனுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. அவன் வீட்டில், பக்கத்து வீட்டில், கடையில், அவன் பார்த்துப் பழகிய டிவியெல்லாம் அப்படித்தான். தண்ணீர் குடித்தேன் என்று எழுதுகிறவன் டம்ளரில் குடித்தேன் என்று எழுதுவானா? இதைச் சொல்லலாம். சொன்னால் அது தன் வாயாலேயே தன்னைச் சுமார் என்று சொல்வதாக இருக்கும். பொட்டலத்தைப் பிரித்து ஆறு கேசட்டுகளையும் மேஜைமேல் வைத்தான்.

"ஒருத்தருக்குக்கூட வேற மாதிரி தெரியலயா? நூறு பேர்ல?"

"இல்ல சார்" என்றான்.

ரத்தினம் ஆறு மாதிரியையும் எண்ணி வாங்கி, பழத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். "ஜாஸ்மினம்மா கடைக்கு வெச்சிக்கட்டும். சாப்ட்டுப் போ" என்றார். அவன் சாப்பிடவில்லை.

சுங்குவார்சத்திரத்தில் இறங்கியபோது சாயங்காலம். ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் டீக்கடை வாசலில் வேனுக்காக நின்றிருந்தார்கள். ஸ்ரீதர் தனியாக ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். டில்லிபாபு பஸ் கிளம்பும்வரை அதன் பின்னாலேயே மறைந்து நின்றான். அப்புறம் வேறு வழியில்லாமல் நடந்தான். விசிலடித்தவர்கள் இப்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சார்."

ஸ்ரீதர் திரும்பினான்.

"அந்த வேலை செட் ஆவல சார்."

ஸ்ரீதர் டீயை முடித்தான். அவன் திட்டுவான், கெஞ்ச விடுவான், பிசிறைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று டில்லிபாபு தயாராக நின்றான். ஸ்ரீதர் குரலைத் தாழ்த்தினான்.

"உன் பஞ்சிங் கார்ட நான் எடுக்கல. லீவுனு போட்டு வெச்சிகிறேன். வந்துருவேன்னு தெரியும்."

அடி விழுந்திருந்தால் தாங்கியிருப்பான். வந்துவிடுவான் என்று தெரிந்திருக்கிறது. கத்தியை மேஜையில் வைத்த அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது.

"தேங்க்ஸ் சார்" என்றான்.

வேன் வர நேரம் இருந்தது. கேசட்டைக் கொடுத்துவிட வேண்டும். ரோட்டைத் தாண்டினான். கடையில் ஷாரோன் மட்டும் இருந்தாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்ததுமே எழுந்தாள்.

"இன்னாண்ணா, இன்னிக்கே வந்துட்ட? வேலை?"

"நமக்கு ஒத்து வராது. பாரிமுனைல ஒரே கச்சடா."

அவள் கேசட்டை வாங்கி, ஊதி, செட்டில் சொருகினாள். பதினாலு இஞ்ச் டிவியில் பழம் விழ ஆரம்பித்தது.

"அங்க கலர் டிவி இருந்துச்சாண்ணா?"

"இருந்துச்சு."

"இதப் போட்டாங்களா? இது இன்னா கலரு?" அவள் விரலால் கண்ணாடியைத் தொட்டாள். "இந்த வெளுப்பு. நான் இத மஞ்சள்னு வெச்சிகினு கீறேன். கருப்பா வருதே, அது பச்சை. நடுவுல வரது சேப்பு. சரியா?"

டில்லிபாபு திரையைப் பார்த்தான். இப்போது அவனுக்கும் தெரிந்தது. ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று நடுவில். அவ்வளவு லேசான வித்தியாசம். இதைப் பிடித்துக்கொண்டு இவள் மூன்றாவது ஸ்டேஜைத் தாண்டியிருக்கிறாள். மஞ்சள் சரி. பச்சை என்று அவள் வைத்திருப்பது பச்சையில்லை, நீலம். பச்சை ஒன்று தனியாக இருக்கிறது. அதைச் சிவப்போடு சேர்த்து ஒன்றாகப் பார்க்கிறாள், அதனால்தான் நாலாவது ஸ்டேஜைத் தாண்ட முடியாமல் நிற்கிறாள். ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். சொன்னால், அட்டையை ஆணியிலிருந்து கழற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

"அங்க போட்டாங்க" என்றான். "கலர்ல பாத்தாலும் அதேதான். சுமார்."

ஷாரோன் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பார்க்கக் கூடியவள், வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே இருப்பதைப் பார்த்துவிடுகிறவள். அவன் பார்வையைத் தரையில் போட்டான்.

"அப்பிடியா" என்றாள். "சரிண்ணா."

அவள் டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளுப்பைத் தள்ளி வெளுப்போடு சேர்த்தாள். டிங் என்றது. வெளியே வேன் ஹாரன் அடித்தது, ஒரு முறை, பிறகு நீளமாக. டில்லிபாபு கிளம்பினான். பழ ஆட்டத்தின் அட்டை அவன் தலைக்கு நேரே தொங்கியது. அதைத் தொடாமல் குனிந்து வெளியே போனான்.